தலைக்கு எவ்வளவு?

பழவேற்காட்டுக்கு நான் போனது டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்ப்பதற்காக. கதை எழுதுகிறவனுக்குக் கல்லறைகளிடத்தில் ஒரு தனி மோகம் உண்டு. அங்கே இருக்கிறவர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அந்த இடுகாட்டு வாசலில் இரண்டு எலும்புக் கூடுகளைக் கல்லில் செதுக்கி, காவல்காரர்களைப் போல நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சு வியாபாரத்தின் தலைநகராக இருந்த ஊர் இது. 1613-ல் எழும்பிய கெல்டிரியா கோட்டை இன்று மண்மேடும் முட்புதருமாகக் கிடக்கிறது. வாழ்ந்த இடம் போய்விட்டது. புதைத்த இடம் மட்டும் அழகு குலையாமல் இருக்கிறது.

கல்லறைகளைப் பார்த்த பிறகு கடலோரத்துக் குப்பம் ஒன்றுக்குப் போனேன். அங்கே மழை பிடித்துக் கொண்டது. ஓடிப்போய் ஒதுங்கிய இடம் ஒரு தொடக்கப் பள்ளிக்கூடத்தின் தாழ்வாரம். எனக்கு முன்பே ஒரு கிழவர் வலையும் நூலுமாக அங்கே உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியை வெளியே வந்து, "உள்ளே வாங்க சார், சாரல் அடிக்குது" என்று நாற்காலி போட்டார். மேஜை மேல் ஒரு பதிவேடு விரித்தபடி கிடந்தது.

"எத்தனை பிள்ளைகள் அம்மா?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போனால் எல்லாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார்.

"இருபத்தொன்பது சார். ரெண்டு மாசத்துக்கு முன்னாலே முப்பத்தொண்ணு."

இதிலே பெருமூச்சு விட என்ன இருக்கிறது என்று எனக்கு முதலில் புரியவில்லை. அவர் விளக்கினார். மத்திய அரசின் 'சமக்ர சிக்ஷா' திட்டத்தில் பள்ளிக்கு ஆண்டுதோறும் ஒரு மானியம் உண்டு. துடைப்பம், சாக்கட்டி, குழாய் பழுது, சுவருக்கு வெள்ளை எல்லாம் அதிலேதான். 2021-ல் திருத்திய விகிதப்படி, முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய். முப்பத்தொன்று முதல் நூறு வரை 25,000. நூறுக்கு மேல் 250 வரை 50,000. அதற்கு மேல் ஆயிரம் வரை 75,000. ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு லட்சம். ஆக, இரண்டு பிள்ளைகள் குறைந்ததில் பள்ளிக்கு 15,000 ரூபாய் போய்விட்டது. அந்த இருவரும் அண்ணனும் தங்கையும். படகு எஞ்சின் கெட்டு, கடன் ஏறி, தகப்பனார் காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்குப் போய்விட்டார். குடும்பமும் கூடவே போய்விட்டது.

கணக்குப் போட்டவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. முப்பது பிள்ளைகளுக்குப் பத்தாயிரம் என்றால் தலைக்கு 333 ரூபாய். ஆயிரம் பிள்ளைகளுக்கு 75,000 என்றால் தலைக்கு வெறும் 75 ரூபாய். சின்னப் பள்ளியின் மேல் அவர்களுக்கு இரக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் முப்பத்தொரு பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 806! கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நீதி, அந்தப் பக்கம் ஒரு நீதி. உப்புக் காற்றில் மின்விசிறி துருப்பிடிப்பது இந்தக் கோட்டைப் பார்த்தா நடக்கிறது?

மழை விடுகிற பாடாக இல்லை. உட்கார்ந்தபடியே, இந்தத் தலைக்கணக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

வாசகர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். இதன் வேர்களில் ஒன்று நம் சென்னை மணலில்தான் இருக்கிறது. 1789-ல் எழும்பூரில் சோல்ஜர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடந்தது. அதன் மேற்பார்வையாளர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது, நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டார். காகிதச் செலவு இல்லை, மைச் செலவு இல்லை! தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவரப் பார்த்தார். உபாத்தியாயர்கள் மறுத்தார்கள். பெல் அசரவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக்கினார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் வாத்தியார் சம்பளமும் மிச்சம். சீமைக்குத் திரும்பி 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜோசப் லங்காஸ்டர் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கி, ஒரே வாத்தியாரால் ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று பறை சாற்றினார். தலைக்கு இவ்வளவு மலிவு என்று கல்வியை விலை கூறும் பழக்கம் உலகத்தில் பரவியதில் நம் கடற்கரை மணலுக்கும் ஒரு பங்கு உண்டு.

சர் தாமஸ் மன்றோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1822-ல் அவர் ஜில்லாக் கலெக்டர்களிடம் பள்ளிக்கணக்குக் கேட்டார். ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிகள் என்று கணக்கு வந்தது. பிள்ளைகள் மாதம் நாலணா முதல் எட்டணா வரை கொடுத்தார்கள்; வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைக்கவில்லை. வாத்தியார் சாப்பிட வேண்டுமானால் சர்க்கார் நிரந்தரச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 1826-ல் மன்றோ எழுதினார். மறு வருஷம் காலராவில் போய்விட்டார். அவர் ஏற்படுத்திய பள்ளிகளும் அதிக நாள் நிற்கவில்லை.

பிறகு வந்தவர்தான் நம் கதையின் வில்லன்: ராபர்ட் லோ. இங்கிலாந்துக் கல்வி இலாகாவை நடத்தியவர். 1862-ல் இவர் கொண்டுவந்த சட்டத்தில் பிள்ளையின் வருகைக்கு நாலு ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் எட்டு ஷில்லிங். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. தம் திட்டம் மலிவாக இல்லாவிட்டால் திறமையாக இருக்கும், திறமையாக இல்லாவிட்டால் மலிவாக இருக்கும் என்று பார்லிமெண்டில் மார்தட்டினார். பள்ளி இன்ஸ்பெக்டராக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்ட் இதை எதிர்த்து எழுதினார். கவிஞர் சொல் கணக்குப்பிள்ளை காதில் ஏறுமா?

சீமையில் தைத்த சட்டையை நமக்கும் மாட்டினார்கள். 1860-களிலேயே சென்னை ராஜதானியிலும் தேர்ச்சிக்குத் தக்க மானியம் என்ற முறை வந்தது. திண்ணைப் பள்ளிகள் பலவும் அந்தப் பணத்துக்காகச் சர்க்கார் பாடத்துக்குள் வந்தன. இன்ஸ்பெக்டர் வருகிற ஒரு நாள்தான் வாத்தியாரின் ஒரு வருஷச் சோறு.

பழவேற்காட்டில் அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று கதாசிரியனின் உரிமையில் கற்பனை செய்து பார்க்கிறேன். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கிறது. ஏரியில் இறால் ஓடுகிறது. தகப்பனுக்கு வலை இழுக்கக் கை வேண்டும்; மூன்றாம் வகுப்புப் பையனும் ஒரு கைதான். இன்ஸ்பெக்டரின் வண்டி வந்து நிற்கிறது. வாத்தியார் வரப்பிலும் கரையிலும் ஓடிப் பிள்ளைகளைப் பிடிக்கிறார். காய்ச்சலில் கிடக்கும் கெட்டிக்காரப் பையனைத் தூக்கிக்கொண்டு வருகிறார். மந்தமான பையனை அவர் வருஷம் முழுவதும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை, ஏனென்றால் அவன் தலைக்குப் பணம் வராது. வாத்தியார் கொடுமைக்காரர் அல்ல, அவரும் பிள்ளைகுட்டிக்காரர்.

பின்தங்கிய வகுப்பாரின் பள்ளிகளுக்குத் தாராளமாக உதவ வேண்டும் என்று 1882-ல் அமைத்த ஹண்டர் கமிஷன் சொல்லியது. எல்லாத் தலையும் ஒரே எடையல்ல என்பதற்கு அது ஒரு சிறிய ஒப்புதல். கடைசியில் 1904 மார்ச்சில் கர்ஸன் பிரபுவின் சர்க்கார் வெளியிட்ட தீர்மானம் தேர்ச்சி மானிய முறையையே கண்டித்து ஒதுக்கியது.

இனி சந்தோஷமான அத்தியாயம். 1920 செப்டம்பரில், சர் பிட்டி தியாகராய செட்டியார் தலைவராக இருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. செலவு ஒரு பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. இதுவும் தலைக்கணக்குதான்! ஆனால் லோவின் காசு தேறியவன் பெயரால் பள்ளிக்குப் போயிற்று. இந்த அணா பசித்தவன் வயிற்றுக்குப் போயிற்று. பிறகு ஐந்து பள்ளிகளில் நடந்தது. 1922-23-ல் அந்த ஐந்திலும் 811 பிள்ளைகள். 1924-25-ல் 1,671. இரண்டு வருஷத்தில் இரட்டிப்பு! இந்தப் பலனுக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கில சர்க்கார் மறுத்துவிட்டது. 1925 ஏப்ரலோடு சிற்றுண்டி நின்றது. சோறு கல்வி ஆகாதாம்.

முப்பது வருஷம் கழித்துக் காமராஜர் முதல் மந்திரியாகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1956-ல் மதிய உணவு மாகாணம் முழுவதற்கும் வந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து நயா பைசா: ஆறு சர்க்காருடையது, நாலு ஊராருடையது. இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அக்காலத்து இன்னொரு விதி. ஐந்நூறு பேர் வாழும் ஊருக்கு ஒரு மைலுக்குள் பள்ளி வேண்டும் என்றார்கள். பிறகு அதை முந்நூறு பேர் என்று குறைத்தார்கள். தலையை எண்ணுவதோடு நிற்காமல், பிள்ளை நடக்க வேண்டிய தூரத்தையும் எண்ணினார்கள். ஒரு குறையும் சொல்ல வேண்டும். அந்த நாலு பைசாவைப் பண்ணையார் இருக்கிற ஊர் ஒரு கல்யாணத்துக்கு வாழை மரம் கட்டுகிற உற்சாகத்தோடு கொடுத்திருக்கும். புயலில் படகு போன குப்பம் எங்கே போகும்? பசி அதிகமுள்ள இடத்தில்தான் நாலு பைசா அபூர்வம்.

இந்த இடத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த கிழவர் தொண்டையைக் கனைத்தார். எங்கள் பேச்சை இவ்வளவு நேரம் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஏரியிலே எல்லா எடமும் ஒண்ணா ஐயா? ஒரு எடத்துலே எறா வரும். ஒரு எடத்துலே சேறுதான் வரும். ஆளுக்கு ஒரு எடம்னு பிரிச்சுக் குடுத்தா அடிதடிதான். அதான் பாடு வச்சிருக்கு. இன்னைக்கு நல்ல எடம் உனக்கு, நாளைக்கு எனக்கு."

பழவேற்காட்டு ஏரியின் 'பாடு' முறையைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்ற மூன்று ஊர்ப் பட்டினவர்கள் சுற்றுவலை போடும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். தண்ணீரைச் சமமாக வெட்டுவது அநியாயம் என்பதை எழுத்து வாசனை இல்லாத காலத்திலேயே கண்டுகொண்ட முறை இது. அதற்காக நான் தலையில் தூக்கி வைத்து ஆடப்போவதில்லை. பாட்டில் பெயர் இருக்கிறவனுக்குத்தான் முறை. சேற்றுக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளப் பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. இதை நான் கேட்டபோது கிழவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார், பதில் சொல்லவில்லை.

காலையில் பார்த்த கல்லறைகள் அப்போது நினைவுக்கு வந்தன. அந்த டச்சுக்காரர்களின் தாய்நாட்டில் 1985-ல் ஒரு வேடிக்கையான பள்ளிக்கணக்கைக் கொண்டுவந்தார்கள். சாதாரணப் பிள்ளை ஒன்று. அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளை ஒன்றேகால். நாடோடி வண்டிகளில் வாழ்வோரின் பிள்ளை 1.7. படிப்புக் குறைந்த குடியேறிகளின் பிள்ளை 1.9. இவற்றுக்கு நடுவே இன்னொரு வகை: ஆறுகளிலும் கால்வாய்களிலும் சரக்குப் படகோட்டிப் பிழைக்கும் பெற்றோரைப் பிரிந்து, விடுதியில் தங்கிப் படிக்கும் படகுக்காரர் பிள்ளை 1.4! இந்த எடைகளைக் கூட்டித்தான் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று தீர்மானித்தார்கள். 2006-ல் அந்த எண்களை மாற்றினார்கள்; பின்னர் முறையையே மாற்றினார்கள். ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேல், ஒரு தேசத்து சர்க்காரின் பேரேட்டில் படகுக்காரன் பிள்ளை ஊரான் பிள்ளையைவிட அதிகமாக எண்ணப்பட்டிருக்கிறது.

ஆசிரியையின் பென்சிலை வாங்கி, இருபத்தொன்பதை 1.4-ஆல் பெருக்கிக் காட்டினேன். நாற்பதும் சொச்சமும் வந்தது. முப்பது என்ற கோடு எங்கேயோ பின்னால் நின்றது. அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

சிக்கனக்காரர்களின் வாதத்தையும் நான் மறக்கவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தாலும் இரண்டு பேர்தான். தலைக்கு வகுத்தால் செலவு மலைபோல் நிற்கும். பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாமே என்று தோன்றும். 2019-ல் தமிழ்நாட்டில் பிள்ளைகள் வராத 46 பள்ளிகளை நூலகமாக்க முடிவு செய்தார்கள். பிள்ளையே இல்லாத பள்ளியைப் பற்றி நான் வாதாடமாட்டேன். ஆனால் வரைபடத்தில் பக்கத்தில் இருப்பது பழவேற்காட்டில் பக்கம் அல்ல. நடுவே தண்ணீர் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை மழைக் காலத்தில் தண்ணீரைத் தாண்ட வேண்டும் என்றால் தாய் அனுப்பமாட்டாள். அப்போது செலவு மிச்சம்தான். பிள்ளையும் மிச்சம், வீட்டில்.

மழை விட்டுவிட்டது. எழுந்தேன். போகும்போது மனத்தை உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அந்த அண்ணன் தங்கை பெயரை எடுக்காமலே வைத்திருக்கலாமே அம்மா? முப்பத்தொன்றாகவே இருந்திருக்குமே?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இங்கே பேரை விடுவிச்சாத்தான் சார் காசிமேட்டுலே சேர்த்துக்குவாங்க. அவங்க அம்மா போன் பண்ணிச்சு. அன்னைக்கே விடுவிச்சுட்டேன். பொண்ணு அங்கே ரெண்டாம் வகுப்பு."

கிழவர் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "வரேன் டீச்சரம்மா" என்று இறங்கி நடந்தார்.