பாட்டுக்குக் கூலி யார் கொடுப்பது?

ஆடி வெள்ளிக்கிழமைகளில் ஆரணி, போளூர், வேலூர்ப் பக்கத்து வண்டிகளெல்லாம் சந்தவாசலில் திரும்பிப் படவேட்டுக்குப் போகும். சம்புவராயர்கள் படைவீடு அமைத்து ஆண்ட ஊர் அது. இன்று அதன் ராணி ரேணுகாம்பாள். தகப்பன் ஜமதக்னியின் சொல்லைத் தட்ட முடியாமல் பரசுராமன் பெற்ற தாயின் தலையை வெட்டிய கதைதான் தலபுராணம். கருவறையில் அம்மன் சிரசாக இருக்கிறாள். இப்படிப்பட்ட கதைகள் நடமாடுகிற வட்டாரம் கூத்து வட்டாரமாகவும் இருப்பதில் வியப்பில்லை. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையைத் தம்பிரான் பரம்பரை உலகறியச் செய்துவிட்டது. அந்தப் பெயர் கிடைக்காத ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், இந்தப் பக்கத்தில் ஏராளம்.

ஜமாவின் கலையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கணக்கைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கூத்து வைக்க ஊர் முடிவு செய்தால் வீட்டுக்கு வீடு வரி போட்டுப் பணம் திரட்டுவார்கள். வாத்தியார் கையில் வெற்றிலை பாக்கோடு முன்பணம் போகும். திரௌபதி அம்மன் கோயில் என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பில் தொடங்கி அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று போய், களிமண்ணில் பிரம்மாண்டமாகக் கிடக்கும் துரியோதனனைப் படுகளத்தில் பீமன் கொல்வதோடு முடியும். வருகிற கூலி பங்கு பங்காகப் பிரியும். வேடதாரிக்கு, மத்தளக்காரருக்கு, முகவீணைக்காரருக்கு என்று ஆளுக்குத் தக்க பங்கு. முள்முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் ஆகியவற்றை வைத்திருப்பவருக்கும் தனிப்பங்கு உண்டு. போட்ட முதலுக்கு வருமானம் வேண்டும் என்பது கூத்தாடிக்கு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்ததில்லை.

இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் பாடத் தொடங்குகிறான். கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிகிறது. கட்டியக்காரன் யார், எவர் என்று கேட்டு வம்பிழுக்கிறான். திரை விலகி ராஜா ஒரு சுற்று கிறுகிறுத்து ஆடி நிற்கும்போது கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து பத்து ரூபாயை நீட்டுகிறார். உடனே பாட்டு நிற்கிறது. கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் சொல்லி வாழ்த்திவிட்டு, விட்ட அடியிலிருந்து பாட்டு தொடர்கிறது. துகில் உரியும் இரவிலும் இது நடக்கும். ரசக்கேடு என்று முகம் சுளிக்கிற சென்னை ரசிகர்களைப் பார்த்திருக்கிறேன். சபாக்களில் திரை விலகுமுன் பாத்திரக்கடை விளம்பரம் வாசிக்கும்போது அவர்கள் முகம் சுளிப்பதில்லை.

கூத்தின் ஏற்பாட்டில் பார்க்க வந்தவன் காசு கொடுக்க வேண்டியதில்லை, ஊர் கொடுத்துவிட்டது. உட்காருகிற ஒவ்வொருவனிடமும் டிக்கெட் வாங்குவது வேறு வழி. அரண்மனைகளுக்குள் இருந்த ஓபரா வெனிஸ் நகரில் 1637இல் சான் காஸ்ஸியானோ அரங்கு திறந்தபோது அந்த வழிக்கு வந்தது. நம் பக்கத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராத்தி, பார்சி நாடகக் குழுக்களோடு வந்தது. தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி அதில் முன்னோடி. கொட்டகை, எழுதிய சீன்கள், நாற்காலி, பெஞ்சு, தரை என்று வகுப்புகள். மழை பெய்தால் கூத்தில் நஷ்டம் ஊருக்கு. கொட்டகையில் நஷ்டம் முதலாளிக்கு. ரயில் சத்தமும் விளக்குச் செலவும் சாப்பாட்டுச் செலவும் வசூலைப் பார்த்துக் குறையாது. மிச்சம் பிடிக்கக்கூடிய ஒரே இடம் நடிகர் சம்பளம்.

பையன்களையே நடிக்கவைத்த பாய்ஸ் கம்பெனி தழைத்ததற்கு இதுவும் காரணம் என்பது என் கருத்து. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியதற்கு ஒழுங்கைக் காரணமாகச் சொல்வார்கள். பெரிய நடிகர்கள் மேடையிலேயே பாட்டில் போட்டி போட்டுக் கதையைக் கவிழ்த்தார்கள். பையன்கள் சொன்னதைச் சொன்னபடி பாடுவார்கள். உண்மைதான். கூடவே, சோறும் படுக்கையும் கொடுத்தால் பையன்களுக்குச் சின்னச் சம்பளம் போதும். அந்த சபையில் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. அவருக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’யைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததைச் சண்முகம் தம் வாழ்க்கை நூலில் வியந்து வியந்து சொல்கிறார். பாட்டும் வசனமுமாக ஒரு முழு நாடகம். விடிந்ததும் பாடம் தொடங்கியாக வேண்டும்.

பையன்களை வைத்து நடத்தும் தொழிலுக்கு ஒரு கெடு உண்டு: மகரக்கட்டு. மீசை அரும்பும் வயதில் குரல் உடையும். நேற்றுவரை வள்ளியாகப் பாடிக் கைதட்டு வாங்கியவன் இன்று சுருதியைத் தொட முடியாமல் தவிப்பான். குரல் திரும்பினால் ராஜபார்ட். திரும்பாவிட்டால் சில்லறை வேடம், சீன் இழுக்கும் வேலை, அல்லது ஊருக்கு ரயில். அடுத்த பையன் வந்துவிடுவான். எத்தனை பேர் அப்படித் திரும்பினார்கள் என்று எந்தக் கம்பெனிக் கணக்கும் எழுதி வைக்கவில்லை.

நாடகக் கம்பெனி முதலாளி சி. கண்ணையா வேறு கணக்குப் போட்டார். ‘தசாவதாரம்’ போன்ற நாடகங்களில் சீனுக்கும் ஜோடனைக்கும் பணத்தைக் கொட்டி அதையே வசூலாக்கினார். செங்கோட்டை கிட்டப்பாவின் குரல் அவருக்குக் கிடைத்ததும் சீன் பாதி, குரல் பாதி என்று ஆயிற்று.

குரல் தன் விலையைத் தெரிந்துகொண்டபோது ஸ்பெஷல் நாடகம் பெருகியது. கம்பெனி இல்லை, ஒத்திகை இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். காண்ட்ராக்டர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி நோட்டீஸ் அடித்துவிடுவார். அன்றிரவு மேடையில்தான் சந்திப்பு. ‘வள்ளி திருமணம்’ எல்லோருக்கும் மனப்பாடம். ஒழுங்குக்காக எழுதிய சுவாமிகளின் பாட்டை வைத்தே ஒழுங்கில்லாமலும் நாடகம் நடந்தது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926இல் சந்தித்தது கொழும்பில், நாடகத்துக்காகப் போன இடத்தில்.

1931இல் ‘காளிதாஸ்’ பேசும்படம் வந்த பிறகு நாடகக் கொட்டகைகள் பல சினிமாவுக்கு மாறின. டிக்கெட்டை நம்பியவர்களுக்கு விழுந்த அடி அது. படவேட்டுப் பக்கத்து ஜமாக்களுக்கு அவ்வளவு பலமாக விழவில்லை. அவர்கள் டிக்கெட்டே விற்கவில்லையே. 1933இல் கிட்டப்பா 27 வயதில் போய்விட்டார். மேடையை விட்டு ஒதுங்கியிருந்த சுந்தராம்பாள் 1935இல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கேட்டார், கொடுத்தார்கள். ஆனால் நாடகக்காரர்களின் குரலுக்கு முதலில் விலை பேசியவர் சினிமாக்காரர் இல்லை. அவருக்கு முன்பே இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் பெட்டியோடு வந்துவிட்டார். அவர் போட்ட ஒப்பந்தங்கள் அடுத்த வாரம்.