உளிமுனையில் மைனஸ் 196

1883ல் கிராகோவ் நகரில் வ்ருப்லெவ்ஸ்கியும் ஓல்ஷெவ்ஸ்கியும் நைட்ரஜனைத் திரவமாக்கினார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவின் மிட்வேல் எஃகு ஆலையில் டெய்லர் லேத் உளிமேல் சோடா கலந்த தண்ணீரைக் கொட்டவிட்டார் (ஸ்டாப்வாட்ச் வைத்துத் தொழிலாளியை அளந்தாரே, அவரேதான்). வெட்டும் வேகம் 40 சதவீதம்வரை கூடியது.

நைட்ரஜன் ஆய்வகத்தில் கிடந்தது. பட்டறைகள் தண்ணீரோடும் எண்ணெயோடும் நின்றுவிட்டன. சரியாகச் சுத்திகரிக்காத கனிம எண்ணெயில் உடுப்பு ஊற ஊற வேலை பார்த்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் வந்தது. உளியின் சூட்டுக்குக் காட்டிய அக்கறை அந்தத் தோலுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் கிடைத்தது என்பேன். காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் பால் மாதிரி இருந்த கூலன்ட்டின் நாற்றம் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கு.

டைட்டானியம் வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. சூடு உளிமுனையிலேயே தங்கும். அங்கேதான் இப்போது திரவ நைட்ரஜனைப் பீய்ச்சுகிறார்கள். ஆவியாகிப் போய்விடும், துடைக்க எதுவுமில்லை. ஆனால் மூடிய கூடத்தில் ஆக்சிஜனைத் தள்ளிவிடும், வாசனைகூட வராது. அதனால் மெஷினுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் அலாரம் ஒன்று வேண்டும்.