பத்தினியா, தாராவா?

பௌத்தச் சிலை எதைக் கண்டாலும் 'புத்தர் சிலை' என்று சொல்லிவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். அவை எல்லாம் புத்தரைக் குறிப்பன அல்ல. நமது கிழக்குக் கரையிலே கிடைத்த சிலையொன்றுக்கே நெடுங்காலம் வேறு பெயர் வழங்கிற்று. அதன் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் பொன்முலாம் பூசிய வெண்கலப் பெண்ணுருவம் ஒன்று நிற்கின்றது. உயரம் 143 சென்றிமீற்றர். எட்டாம் நூற்றாண்டளவில் வார்க்கப்பட்டது என்பர். 1812 முதல் 1820 வரை இலங்கையில் தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் பிரவுண்றிக் 1830இல் அதனை அங்கு கையளித்தார். கிடைத்த இடம் எது? திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே என்பதுதான் பதிவு. நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கரை அது! ஊரின் பெயரைக் குறிக்க ஒரு வரி செலவிட்டிருக்கலாம்.

ஊர் தொலைந்தது போதாதென்று, பெயரும் மாறிப்போயிற்று. அந்த உருவம் பத்தினி தெய்வம் என்றே முதலில் அறியப்பட்டது. பத்தினி என்றால் கண்ணகி. சம்மாந்துறைக்கு அயலிலுள்ள காரைதீவிலே இன்றும் வைகாசியில் குளிர்த்தி பாடி வழிபடுகிறார்களே, அதே கண்ணகி. சிங்கள மக்களுக்கும் அவள் தெய்வம். ஆகவே அப்பெயர் இட்டதில் வியப்பில்லை. பின்னர் ஆராய்ந்தோர், இவள் மகாயான பௌத்தத்தின் தாரா என்று கண்டனர். வலது கை தாழ்ந்து, உள்ளங்கை வெளியே தெரிய, வரம் தரும் முத்திரையில் இருக்கின்றது. இடது கையில் தாமரை இருந்திருக்க வேண்டும், இப்போது வெறுங்கை. மகுடத்திலே மணி பதித்த குழிகளும் வெறுமையாகிவிட்டன.

தாரா யார்? கருணையின் உருவான போதிசத்துவர் அவலோகிதேசுவரரின் துணைவி. தமிழுக்கும் அவலோகிதருக்கும் ஓர் உறவுண்டு. அகத்தியர் தமிழ் கேட்டது அவரிடமே என்கிறது புத்தமித்திரரின் வீரசோழியம். தாரா என்ற பெயருக்குக் 'கடக்கச் செய்பவள்' என்று பொருள் சொல்வர். எட்டுப் பேரச்சங்களிலிருந்து காப்பவள் அவள். அவற்றுள் ஒன்று நீரால் வரும் அச்சம். சம்பான்கள் வந்தணைந்த துறையே சம்மாந்துறையாயிற்று என்று நம்மூரில் சொல்வார்கள். கடலோடிகள் நடமாடிய இக்கரைக்கு அவள் பொருத்தமான தெய்வம்தான் என்பது என் எண்ணம்.

இனி, செய்த கைகளைப் பற்றி. முதலில் மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசிக் காயவைத்துச் சுடுவார்கள். மெழுகு உருகி வழிந்தோடும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைப்பார்கள். கருவை உடைத்தால்தான் உருவம் வரும். எனவே ஒரு வார்ப்பைப் போல் மற்றொன்று இராது. தாரா உள்ளீடின்றி முழுவதும் உலோகமாய் வார்த்த கனவார்ப்பு. அவ்வளவு உலோகத்தை இடையறாது ஊற்றுவதற்கு எத்தனை பேர் உலையைச் சுற்றி நின்றிருப்பார்கள்! அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்கு எட்டவில்லை.

கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில் சுவையான செய்தியொன்று தருகிறார். கண் திறக்கும்வரை சிலை வெறும் உலோகக் கட்டிதானாம். பட்டறையில் மற்றச் சாமான்களோடு கிடக்குமாம். கண் திறந்த பிறகே வணக்கத்துக்குரியதாகும். இச்சடங்கை ஆனந்த குமாரசுவாமியும் 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெருநூலில் விரிவாக எழுதியுள்ளார்.

பிரித்தானிய நூதனசாலையோ, தாராவின் திறந்த மேனியைக் கண்டு கூசி, பல்லாண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் அவளை உள்ளே வைத்திருந்தது. அறிஞர்கள் மட்டும் பார்க்கலாம்! கோயிலுக்கென வார்த்த உருவத்தில் வேறெதையோ கண்டிருக்கிறார்கள்.

இலண்டன் தொலைவுதான், பொத்துவில் அப்படியல்ல. அங்கு கடலோர மணல்மேடுகளிடையே முகுது மகா விகாரையில் கற்சிலைகள் நிற்கின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆடையைக் கவனியுங்கள். அணிகலன் எதுவுமின்றிச் சீவர ஆடையுடன் நிற்பவர் புத்தர். அரசகுமாரரைப் போல் அணிகலன் பூண்டு பக்கத்தில் நிற்போர் போதிசத்துவர்.