இரயிலடியும் தர்மசாலையும்

தோளில் ஒரு பை, கையில் ஒரு செம்பு, மடியில் சில ரூபாய். இவற்றோடு இரயிலேறி நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்படும் எளிய பிரயாணிக்குக் கவலைகள் இரண்டு. வண்டியில் இடம் கிடைக்குமா என்பது ஒன்று. இறங்கிய ஊரில் இரவு தலைசாய்க்க இடம் கிடைக்குமா என்பது மற்றொன்று. இரண்டாவது கவலையின் வரலாற்றை இங்கே சிறிது நோக்குவோம்.

வழிப்போக்கரைப் பேணுவது நம் நாட்டிற்குப் புதிதன்று. சாலையோரம் ஆலமரங்கள் நட்டதையும், கிணறுகள் தோண்டியதையும், தங்குமிடங்கள் அமைத்ததையும் அசோகர் தம் தூண் சாசனத்திலே பொறித்து வைத்தார். 16-ஆம் நூற்றாண்டில் ஷேர் ஷா நெடுஞ்சாலைகளிலே சராய்களைக் கட்டினார். ஷாஜஹானின் புதல்வி ஜஹானாரா, தில்லி சாந்தினி சௌக்கில் ஒரு பெரிய சராயை எழுப்பினார். அதைக் கண்ட பிரெஞ்சு யாத்திரிகர் பெர்னியர், இத்தகைய கட்டடங்கள் பாரிஸ் நகரிலும் இருந்தால் அயலூரார் இடம் தேடித் தவிப்பது குறையும் என்று எழுதினார். 18-ஆம் நூற்றாண்டில் அகல்யாபாய் ஹோல்கர் புண்ணியத் தலங்கள் பலவற்றில் தர்மசாலைகள் அமைத்தார்.

இவையெல்லாம் கால்நடையாகவும் வண்டியிலும் சென்ற காலத்திற்கு ஏற்றவை. 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பிரயாணி வண்டி ஓடிற்று. அதன்பின் நிலைமை மாறியது. ஒரு பகல் நடைக்கு ஒன்றாக இருந்த சராய்களை இரயில் கண்ணிமைப்பதற்குள் கடந்து சென்றது; நள்ளிரவிலே நூற்றுக்கணக்கானோரை ஒரே ஊரில் இறக்கிவிட்டது. ஆகவே இரயிலடிக்கு அருகிலேயே தர்மசாலைகளும் முசாபர்கானாக்களும் தோன்றலாயின. வணிகர் பலர் அவற்றைத் தருமமாகக் கட்டிவைத்தனர். 1867-ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம், விடுதிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. அறைகளையும் கிணறுகளையும் தூய்மையாக வைத்தல், காவலாளரை நியமித்தல், கட்டண விவரத்தை எல்லோரும் காண எழுதிவைத்தல் ஆகியவற்றை விடுதிக்காரரின் கடமையாக்கியது.

இத்தகைய பிரயாணம் எப்படியிருந்தது என்பதைக் காந்தியடிகள் சத்திய சோதனையிலே விவரித்திருக்கிறார். 1902-இல் கல்கத்தாவிலிருந்து ராஜ்கோட்டுக்கு மூன்றாம் வகுப்பில் புறப்பட்டார். பன்னிரண்டு அணாவுக்கு வாங்கிய கித்தான் பை, அதனுள் கம்பளிச் சட்டை, வேட்டி, துவாலை. உடன் ஒரு போர்வை, ஒரு செம்பு. கோகலே கொடுத்த பாத்திரத்தில் பூரியும் இனிப்பும் இருந்தன. காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூர் ஆகிய ஊர்களில் ஒவ்வொரு நாள் தங்கினார். பாலன்பூர் நீங்கலாக மற்ற ஊர்களிலே தர்மசாலையிலோ, பண்டாக்களின் இல்லத்திலோ சாதாரண யாத்திரிகரைப் போலத் தங்கினார். இரயில் கட்டணம் உட்பட முழுப் பயணத்திற்கும் முப்பத்தொரு ரூபாய்க்கு மேல் ஆகவில்லை என்பது அவர் நினைவு.

இதனோடு மற்றொரு பயணத்தையும் வைத்துப் பார்ப்பது நம் கடமையாகும். 1917-இல் அம்பேத்கர், கொலம்பியாவிலும் லண்டனிலும் கற்றுத் திரும்பி, பரோடா அரசுப் பணியை ஏற்க அந்நகருக்குச் சென்றார். அவர் பிறந்த சாதியின் காரணமாக இந்து விடுதிகளில் அவருக்கு இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில், பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய ஒரு கூட்டம் வந்து, மாலைக்குள் வெளியேறும்படி மிரட்டியது. நண்பர் இருவரிடம் தங்க இடம் கேட்டார், கிடைக்கவில்லை. பூங்காவிலே பல மணி நேரம் காத்திருந்து, இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார்.

இருவரும் இரயிலிலே சென்றவர்கள்தாம். இருவரிடமும் வாடகைக்குப் பணம் இருந்தது. ஒருவருக்குத் தர்மசாலை திறந்தது. மற்றவருக்குக் காசு கொடுத்தும் கதவு திறக்கவில்லை. டிக்கெட்டு கொடுத்த சாளரம் கட்டணத்தைக் கேட்டது. படுக்கை கொடுத்த வாயிலோ பிறப்பைக் கேட்டது. இரயில் வந்ததாலேயே வேற்றுமை ஒழிந்துவிட்டது என்று எண்ணுவது பொருந்தாது என்பதை இதனால் உணர்கிறோம்.

அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்பு 1950-இல் தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், பொதுமக்களுக்கெனத் திறந்துள்ள தர்மசாலை, சராய், முசாபர்கானா ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அங்கே தீண்டாமை காரணமாக ஒருவரைத் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. மூன்றாம் வகுப்பும் 1974-இல் மறைந்தது. இன்று பெரிய நிலையங்களில் பிரயாணச் சீட்டைக் கொண்டே ஓய்வறையையும் பொதுப் படுக்கையையும் பெறலாம்.

தக்க விடுதி என்பது யாது? தூய நீர், காவல், வெளிப்படையான கட்டணம் என்னும் மூன்றையும் 1867-ஆம் ஆண்டின் சட்டமே கேட்டது. வந்தவர் யாராயினும் கதவு திறக்க வேண்டும் என்னும் நான்காவதைக் கேட்க, மேலும் 88 ஆண்டுகள் ஆயின. முதல் மூன்றைப் பணத்தாலும் மேற்பார்வையாலும் பெற்றுவிடலாம். நான்காவதைச் சட்டம் எழுதித் தரும். வாயிலில் நிற்பவரே அதை நிறைவேற்ற வேண்டும். பிரயாணிகளாகிய நாமும், விடுதி நடத்துவோரும் இதனை நினைவிற் கொள்வோமாக.