தீமையின் தன்னழிவு

தீமை தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்பது கிறித்தவ இறையியலில் ஆழ வேரூன்றிய கருத்து. தண்டனை வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. தீச்செயலுக்குள்ளேயே அதன் கேடும் அடங்கியிருக்கிறது என்கிறது இந்த நம்பிக்கை. ஏழாம் சங்கீதத்தில், குழி வெட்டியவனே அதில் விழுகிறான். எஸ்தர் நூலில், யூதனான மொர்தெகாயைத் தூக்கிலிட, பாரசீக அரசனின் அமைச்சன் ஆமான் 50 முழ உயர மரத்தை நிறுத்துகிறான். கடைசியில் அதில் தொங்கியவன் அவனே.

இதற்குத் தத்துவ உருவம் கொடுத்தவர் புனித அகுஸ்தினார் (354–430). இன்றைய அல்ஜீரியாவைச் சேர்ந்த தகாஸ்தே ஊரில் பிறந்தவர். இளமையில் சுமார் 9 ஆண்டுகள் மானியின் மதத்தைப் பின்பற்றினார். ஒளியும் இருளும் ஆதியிலிருந்தே மோதும் இரு சக்திகள் என்பது அம்மதத்தின் போதனை. பின்னர் அதைக் கைவிட்டு, 387இல் மிலானில் திருமுழுக்குப் பெற்றார். கடவுள் படைத்த யாவும் நல்லவை. தீமை தனிப்பொருளே அல்ல, இருக்கவேண்டிய நன்மை இல்லாத குறை என்பது அவர் கண்ட முடிவு. அவர் காட்டும் உவமை புண். ஆறிய புண் வேறெங்கும் போய்க் குடியேறுவதில்லை, இல்லாமலே போகிறது. அப்படியானால் தீமைக்குச் சொந்தக் கால் கிடையாது. ஒட்டியிருக்கும் நன்மையை அரிக்க அரிக்க, தான் நிற்கும் தரையையே அது இழக்கிறது.

'ஒப்புதல்கள்' நூலில் அவர் சொல்லும் களவு மிகச் சிறியது. 16 வயதில், நள்ளிரவில், நண்பர்களோடு பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய் மரத்தை உலுக்குகிறார். பழத்தில் நிறமும் இல்லை, சுவையும் இல்லை. அவரிடமே அதைவிட நல்ல பழங்கள் இருந்தன. ஒன்றிரண்டைக் கடித்துவிட்டு, மற்றதையெல்லாம் பன்றிகளுக்குக் கொட்டினார்கள். அந்தக் களவில் தான் விரும்பியது என்ன என்று தேடித் தேடிப் பார்க்கிறார். கையில் எதுவுமே அகப்படவில்லை. தீமையின் வெறுமையை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய பக்கங்கள் குறைவு.

முழுமையான தீமை தன்னையே அழித்துவிடும் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை, 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் எடுத்தாண்டார். கடவுளுக்கு நிகரான தீய முதற்பொருள் இருக்கமுடியாது என்பதற்கு அது அவருக்குச் சான்று. கவிஞர் தாந்தே அதையே காட்சியாக்கினார். அவருடைய நரகத்தின் அடியில் நெருப்பு இல்லை, பனி இருக்கிறது. மார்பளவு உறைந்து கிடக்கும் சாத்தான் ஆறு சிறகுகளை அடித்துக்கொண்டே இருக்கிறான். அந்தக் காற்றுதான் அவனைச் சிறைப்பிடித்த ஏரியை உறையவைக்கிறது.

தீமை வெறும் குறை என்றால், அடிபட்டவனின் வலி என்ன? இந்தக் கேள்வி நியாயமானது. அகுஸ்தினார் வலியைப் பொய் என்று சொல்லவில்லை. குருட்டுத்தன்மை பார்வையின் இன்மைதான், ஆனாலும் குருடன் இடறுவது மெய். தீயவன் அழிவான் என்பதாலேயே அவன் செய்த கேடும் அவனோடு போய்விடாது. எஸ்தர் நூலே இதற்குச் சாட்சி. ஆமான் செத்தபிறகும், யூதர்களைக் கொல்ல அவன் அரசமுத்திரையிட்டு அனுப்பிய ஆணையை ரத்துசெய்ய முடியவில்லை. அவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள உரிமை தரும் இன்னொரு ஆணையை எழுதி, 127 மாகாணங்களுக்கும் குதிரையில் ஆள் அனுப்பவேண்டியிருந்தது.