நீர்காத்த சபைகள்

கும்பாபிஷேகம் நீரால் நிறைவுறும் திருவிழா. யாகசாலையிற் பூசிக்கப்பெற்ற கலச நீரே விமானத்தின் உச்சியைச் சேர்ந்து, பின்னர் அன்பர்களின் தலைமேலும் தெளிக்கப்பெறுகிறது. ஆலயம் எழுப்பிய முன்னோர் அதனருகே குளமும் தொட்டது இக்கருத்துப் பற்றியே. அந்நீரைக் காப்பவர் யார், அதனைப் பற்றி முடிவு செய்பவர் யார் என்னும் வினாவுக்குத் தமிழக வரலாறு காலத்துக்கொரு விடை கூறியிருக்கிறது.

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. ஏரியைப் பேண 6 பேர் கொண்ட ஏரி வாரியம் ஒன்று குடவோலை முறையால் அமைக்கப்பெற்றதை அவை உரைக்கின்றன. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அவ்வூர் விதி. அச்சபை நிலமும் கல்வியும் உடைய பிராமணர்க்கே உரியதாய் இருந்தது; ஏரியில் உழைத்த குடிகள் யாவர்க்கும் அதில் இடமில்லை. இக்குறையையும் மறைத்தல் தகாது.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு வருவோம். ஜேடர்பாளையத்தில் காவிரியினின்று பிரியும் ராஜ வாய்க்கால், பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கத்து வயல்களை வளப்படுத்துகிறது. அதனை வெட்டுவித்தவர் அல்லாள இளைய நாயக்கர் என்று அந்நாட்டார் இன்றும் நன்றியுடன் போற்றுவர். வெட்டியவர் ஒருவராயினும், ஆண்டுதோறும் வண்டல் அகற்றிக் கரை காத்தலின்றி எவ்வாய்க்காலும் நிலைப்பதில்லை. ஊரார் கூடிச் செய்யும் அப்பணியே குடிமராமத்து.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1858ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கத்தைக் கட்டாய உழைப்பாக்கியது. குடிகளின் உடல் உழைப்பு கேட்கப்பெற்றது. அவர்தம் கருத்து கேட்கப்பெறவில்லை. கருத்துக்கு இடமில்லாத இடத்தில் பற்றும் நிலைப்பதில்லை. பின்னர் 1925இல் தொடங்கி 1934இல் நிறைவெய்திய மேட்டூர் அணை, 120 அடி நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் உடையதாய் எழுந்தது. அதன் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாசனம் அளிக்கின்றன. மதகு திறக்கும் நாளோ ஊர்ச்சாவடியை விட்டு அரசு அலுவலகத்தைச் சேர்ந்துவிட்டது.

2000ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தமிழ்நாட்டுச் சட்டமொன்று, உழவரே தேர்ந்தெடுக்கும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழி செய்தது. 2017இல் குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே அரசுத் திட்டம் ஒன்று தொடங்கியது. அதற்கு முன்னரே, 2010இல், சேலம் மக்கள் தாமே குழுவாகக் கூடிக் கன்னங்குறிச்சி மூக்கனேரியைத் தூர் வாரி, அம்மண்ணால் ஏரி நடுவே திட்டுகள் அமைத்து மரம் நட்டனர்.

ஆயினும், சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகரூடே ஓடும் திருமணிமுத்தாறு, பெயரில் மணியும் முத்தும் தாங்கி, நகரின் கழிவையும் சுமந்தே காவிரியை நோக்கிச் சென்ற நிலையை அறியாதார் இலர். அபிஷேகத்துக்குரிய ஆறு அந்நிலை எய்தியதற்கு அதன் கரையில் வாழ்வோர் அனைவரும் பொறுப்புடையவரே.

திருப்பணிக்கு ஒரு ரூபாய் ஈந்த அடியாரும் கணக்குக் கேட்கும் உரிமை உடையவர். கல் சுமந்த கூலியாளும் கோபுரத்தைத் தம்முடையதென்றே கருதுவார். ஆற்றுக்கும் ஏரிக்கும் அதுவே நெறி. கிராம சபையிலும் நீர்ச் சங்கத்திலும் கடைமடை உழவரும், குடம் சுமக்கும் தாய்மாரும் வந்தமர்ந்து, கேட்டு, தம் கருத்தைக் கூறுதல் வேண்டும். உத்திரமேரூரார் விட்ட குறை அதனால் நிறைவுறும். கலச நீரைத் தலையில் ஏற்கும் அன்பர்கள், அந்நீர் பிறந்த ஆற்றின் சபையிலும் ஓர் இடம் ஏற்பாராக. அதுவும் ஒரு திருப்பணியே.