ஸ்பெகட்டி மேல மீட்பால் வந்த கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு சாப்பாட்டுத் தட்டுல ஆரம்பிக்குது.

போன வருஷம் அப்பாவைக் கூட்டிக்கிட்டு நியூ ஜெர்சியில இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு இத்தாலியன்-அமெரிக்கன் ரெஸ்டாரன்ட்டுக்கு அக்கா எங்களைக் கூட்டிட்டுப் போனா. ஒரு பக்கம் லாண்டரி, இன்னொரு பக்கம் சலூன், நடுவுல இந்தக் கடை. மேசையில சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட விரிப்பு. சுவர்ல ஃப்ராங்க் சினாட்ரா படம். உட்கார்ந்த உடனே, கேட்காமலே, ஒரு கூடை நிறைய பூண்டு பிரெட் வந்துடுச்சு.

நான் ஸ்பெகட்டியும் மீட்பாலும் சொன்னேன். அப்பாவுக்கு சிக்கன் பார்ம். அதாவது கோழிக்கறியைத் தட்டி, பிரெட் தூள்ல புரட்டிப் பொரிச்சு, மேல தக்காளி சாஸும் சீஸும் போட்டு வேகவைக்கிறது. தட்டு வந்ததும் அப்பா அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, இது மூணு பேருக்கும் சேர்த்தா?"

"இல்லப்பா, உங்களுக்கு மட்டும்தான்."

அங்கதான் நான் வாயை விட்டேன். என்னோட ஆபீஸ்ல மிலான்காரர் ஒருத்தர் இருந்தார். ஸ்பெகட்டி மேல மீட்பாலான்னு தலையில அடிச்சுக்குவார். அவர்கிட்ட கேட்டதை அப்படியே ஒப்பிச்சேன். "இதெல்லாம் ஒரிஜினல் இத்தாலியன் சாப்பாடே இல்லப்பா. இங்க வந்து மாத்திட்டாங்க."

அப்பா ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கேட்டார்: "சரி, யாரு மாத்துனா? எதுக்கு மாத்துனா?"

எனக்குப் பதில் தெரியல. ஊருக்கு வந்து படிச்சுப் பார்த்ததுக்கு அப்புறம்தான், நான் பெருமையா சொன்னதுல பாதி தப்புன்னு புரிஞ்சது. அந்தப் பாதியைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

கிளம்பினவங்க யார்?

இத்தாலி என்ற நாடு உருவானதே 1861-ல்தான். அதுக்கு முன்னாடி தனித்தனி அரசுகள். நாடு ஒன்றான சமயத்தில், இன்று நாம் இத்தாலிய மொழி என்று சொல்வதைப் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர் என்று ஒரு மொழியியல் கணக்கு சொல்கிறது. இன்னொரு கணக்கு வெறும் இரண்டரை சதவீதம் என்கிறது. மத்தவங்க எல்லாம் அவங்கவங்க ஊர்ப் பேச்சுதான். சிசிலிக்காரர் பேசுறது மிலான்காரருக்குப் புரியாது.

நாடு ஒன்றானதால் தெற்கு இத்தாலியின் ஏழைகளுக்கு விடிவு வரவில்லை. நிலம் பெரிய பண்ணையார்களின் கையில் இருந்தது. 1869-லிருந்து கோதுமையை மாவாக அரைப்பதற்கே வரி. யோசிச்சுப் பாருங்க, மில்லுக்கு மூட்டையைத் தூக்கிட்டுப் போனா, அரைக்கிற கூலியோட அரசாங்கத்துக்கும் காசு கட்டணும்!

அந்த மக்கள் என்ன சாப்பிட்டார்கள்? அவரை, மொச்சை மாதிரியான பயறுகள், கீரை, வெங்காயம், கரடுமுரடான ரொட்டி. வெள்ளைக் கோதுமை ரொட்டியே பல வீடுகளில் விசேஷ நாள் பண்டம். பாஸ்தாகூட தினசரி கிடைக்கிற பொருள் இல்லை. இறைச்சி? கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஒரு கல்யாணம். அவ்வளவுதான். பண்ணையார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். வாசனை வருமே!

1880-க்கும் 1924-க்கும் இடையில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிசிலி, கலாப்ரியா, பசிலிகாட்டா, நேபிள்ஸைச் சுற்றியுள்ள கம்பானியா போன்ற தெற்குப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். என் மிலான் நண்பர் வடக்குக்காரர். இந்தக் கடையோட பூர்வீகம் அவர் ஊரே இல்லை. அவர் "எங்க ஊர்ல இல்லை"ன்னு சொன்னது உண்மைதான். ஆனா அதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை.

உருண்டை ஏன் பெருசாச்சு?

வந்தவர்கள் சாலை போட்டார்கள், சுரங்கப்பாதை தோண்டினார்கள், செங்கல் சுமந்தார்கள். நெரிசலான வீடுகள், ஆபத்தான வேலை. ஆனால் கையில் கூலி வந்தது. அதோடு அமெரிக்காவில் இறைச்சி மலிவு. மேற்கே பரந்த புல்வெளிகளில் வளர்ந்த மாடுகள் சிகாகோவில் வெட்டப்பட்டு, ஐஸ் போட்ட ரயில் பெட்டிகளில் நியூயார்க்குக்கு வந்துகொண்டிருந்தன.

இத்தாலியில் 'போல்பெட்டே' என்று ஒரு இறைச்சி உருண்டை உண்டு. நம்ம கோலா உருண்டை மாதிரின்னு வச்சுக்கோங்க. சின்னதா இருக்கும். கொஞ்சம் கறியில் பழைய ரொட்டியைப் பிசைந்து, பெருக்கி உருட்டுவார்கள். தனியாகவோ சூப்பிலோ சாப்பிடுவார்கள். அப்ருட்சோ பகுதியில் கோலிக்குண்டைவிடச் சின்ன உருண்டைகளை பாஸ்தாவில் போடும் வழக்கமும் உண்டு. ஆனா ஒரு எலுமிச்சம்பழ சைஸ் உருண்டையை ஸ்பெகட்டி மலை மேல உட்கார வைக்கிறது? அது அமெரிக்காவில் நடந்தது. கறி கூடியது, ரொட்டி குறைந்தது, உருண்டை பெருத்தது.

சிக்கன் பார்மும் இப்படித்தான். தெற்கு இத்தாலியில் அது கத்தரிக்காய்ப் பண்டம். கத்தரிக்காயைப் பொரித்து, தக்காளி, சீஸ் வைத்து அடுக்குவார்கள். அமெரிக்காவில் கத்தரிக்காய் இருந்த இடத்தில் கன்றுக்கறியும் கோழியும் வந்து உட்கார்ந்தன.

நேபிள்ஸில் பண்டிகை நாளில் இறைச்சியைத் தக்காளியில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிடும் ஒரு குழம்பு உண்டு. அமெரிக்காவில் அது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொதித்தது. பல இத்தாலியன்-அமெரிக்கன் வீடுகளில் அதை சாஸ் என்று சொல்ல மாட்டார்கள். 'கிரேவி' என்பார்கள். நம்ம ஊர் ஓட்டல்ல "கொஞ்சம் கிரேவி கொடுங்க"ன்னு கேட்கிறோமே, அதே வார்த்தை!

இதுல ஒரு விஷயம் கவனிங்க. தக்காளியே அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. நேபிள்ஸில் 1692-ல் அச்சான ஒரு சமையல் புத்தகத்தில் இருக்கிற தக்காளி சாஸுக்குப் பெயரே 'ஸ்பானிய முறை' சாஸ். நம்ம ரசத்துல இருக்கிற தக்காளியும் மிளகாயும்கூட அதே கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தவைதான். "இது ஒரிஜினலா"ங்கிற கேள்வியை எந்த வருஷத்துல நிறுத்தறது, சொல்லுங்க?

வீட்டுச் சமையல் கடைச் சமையல் ஆனது

ஆரம்பத்தில் வந்தவர்களில் பலர் தனி ஆண்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். யாராவது ஒரு குடும்பத்தின் வீட்டில் வாடகைக்குப் படுத்துக்கொள்வார்கள். அந்த வீட்டுப் பெண் அத்தனை பேருக்கும் சமைப்பார். சிசிலிக்காரருக்குப் பக்கத்தில் நேபிள்ஸ்காரர், அவருக்குப் பக்கத்தில் கலாப்ரியாக்காரர். ஒரே அடுப்பு. ஊரில் இருந்தவரை இவர்கள் தங்களை இத்தாலியர் என்று நினைத்ததே குறைவு. அமெரிக்காவில்தான், மற்றவர்கள் கண்ணுக்கு, எல்லாரும் ஒரே 'இத்தாலியன்' ஆனார்கள். இந்த மாதிரி மெஸ்களில் சில, மேசை போட்டுச் சின்னச் சின்ன உணவகங்களாக மாறின.

மற்றவர்கள் கண் அன்பான கண் இல்லை. 1891 மார்ச் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. பூண்டு வாசனையே கேலிப்பொருள். வீட்டுக்கு வந்த சமூகப் பணியாளர்கள், பூண்டையும் மசாலாவையும் விடுங்கள், அமெரிக்கர்கள் மாதிரி சாப்பிடுங்கள் என்று அறிவுரை சொன்னார்கள். 1924-ல் வந்த குடியேற்றச் சட்டம், இத்தாலியிலிருந்து வருடத்துக்கு 4,000 பேருக்கும் குறைவாகத்தான் வரலாம் என்று கதவைச் சாத்தியது.

ஆனா அதே சமயம் வேற ஒரு கதவு திறந்தது. பின்வாசல் கதவு!

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. ஆனால் வீட்டு உபயோகத்துக்குப் 'பழச்சாறு' தயாரிக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஒரு வீட்டுக்கு வருடத்துக்கு 200 கேலன், அதாவது சுமார் 750 லிட்டர். வீட்டிலேயே ஒயின் செய்வது இத்தாலியர்களுக்குப் பாட்டன் காலத்துப் பழக்கம். சின்ன இத்தாலிய உணவகங்களில், காபி கோப்பையில் ரகசியமாக ஒயின் கிடைக்கும் என்ற செய்தி பரவியது. பூண்டு நாறுது என்று மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் ஒயினுக்காக வந்தார்கள், ஸ்பெகட்டியும் சாப்பிட்டார்கள். பிறகு 1929-க்கு அப்புறம் வந்த பெரும் பொருளாதார வீழ்ச்சியில், வயிறு நிறையக் குறைந்த காசில் கிடைத்த சாப்பாடு இது என்பதால், அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது.

கட்டம் போட்ட விரிப்பு, வைக்கோல் சுற்றிய ஒயின் பாட்டில், அதன் வாயில் மெழுகுவர்த்தி. வந்த வாடிக்கையாளர் எதை இத்தாலி என்று நினைத்தாரோ, அதையே கடைக்காரர் காட்டினார். பிழைப்பு அது.

டப்பா ஸ்பெகட்டியும் 'எதிரி'களும்

எத்தோரே போயார்டி என்று ஒரு சமையல்காரர். 1920-களில் க்ளீவ்லாண்ட் நகரில் உணவகம் நடத்தினார். வாடிக்கையாளர்கள் சாஸை வீட்டுக்கும் கேட்க, பால் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். அது வளர்ந்து தொழிற்சாலை ஆனது. அமெரிக்க நாக்குக்குப் பெயர் வரவில்லை என்பதால், உச்சரிக்கிற மாதிரி எழுத்தை மாற்றி 'செஃப் போயார்டீ' என்று டப்பாவில் போட்டார். இரண்டாம் உலகப் போரில் அந்தத் தொழிற்சாலை ராணுவத்துக்கு உணவு தயாரித்தது.

அதே போரில் இன்னொரு பக்கம். குடியுரிமை பெறாத சுமார் 6 லட்சம் இத்தாலியர்களை அமெரிக்க அரசு 'எதிரி நாட்டவர்' என்று முத்திரை குத்தியது. பேஸ்பால் நட்சத்திரம் ஜோ டிமாஜியோ 1941-ல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்துச் சாதனை படைத்தவர். அவருடைய அப்பா சிசிலியிலிருந்து வந்த மீனவர், குடியுரிமை இல்லை. 1942-ல் அவர் சான் ஃப்ரான்சிஸ்கோ துறைமுகப் பக்கம் போகத் தடை. அங்கேதான் மகன் பெயரில் குடும்ப உணவகம் இருந்தது. மகனோட பேருக்குக் கைதட்டின ஊர், அப்பாவை அந்தக் கடை வாசலுக்குக்கூட விடல. அந்த வருடம் அக்டோபர் 12-ல்தான் இத்தாலியர்கள் மீதான அந்த முத்திரை நீக்கப்பட்டது.

போருக்குப் பிறகு எல்லாம் மாறியது. இத்தாலியில் சண்டை போட்டுத் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பீட்சா தேடினார்கள். 1955-ல் டிஸ்னியின் கார்ட்டூன் படத்தில் இரண்டு நாய்கள் ஒரே ஸ்பெகட்டியை இரண்டு முனையிலிருந்து தின்றன. மீட்பாலும் அந்தத் தட்டில் உண்டு! 1982-ல் ஃப்ளோரிடாவில் ஆலிவ் கார்டன் தொடங்கி, நாடு முழுக்கக் கிளை பரப்பியது.

இத்தாலியிலேயே சாதாரண மக்கள் தட்டில் இறைச்சி தாராளமாக வந்தது 1950-கள், 60-களின் பொருளாதார வளர்ச்சிக்குப் பிறகுதான். நாம 'ஒரிஜினல்'னு கொண்டாடுற கார்பொனாராவுக்கு, இதுவரை தெரிந்ததில் முதலில் அச்சான சமையல் குறிப்பு 1952-ல் சிகாகோவில் வந்த ஒரு புத்தகத்தில் இருக்கிறது.

அப்பாவுக்குப் பதில்

இதையெல்லாம் அப்பாகிட்ட ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து சொன்னேன். மாத்துனது அந்த ஊர்ல பசியோட இருந்தவங்கப்பா. ஊர்ல பண்டிகைக்கு மட்டும் பார்த்ததை, வாங்க முடிஞ்ச இடத்துல, வாராவாரம் சமைச்சாங்க. அதான் தட்டு அவ்வளவு பெருசு.

அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "எங்க ஊர்ல தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் நெல்லுச்சோறு. மத்த நாள் கம்பும் சோளமும். மெட்ராஸ் வந்து முதல் சம்பளம் வாங்கினப்ப மூணு வேளையும் சோறு சாப்பிட்டேன்"னார். "இப்ப டாக்டர் கம்பு சாப்பிடச் சொல்றான்!"

அன்னைக்கு அந்தக் கடையில அப்பா பாதிகூட முடிக்கல. மிச்சத்தை டப்பாவுல கட்டித் தரச் சொன்னார். கடைக்காரம்மா, வயசானவங்க, ரெண்டு பூண்டு பிரெட்டையும் சேர்த்து வச்சுக் கொடுத்தாங்க. நான் அப்ப அதைக் கவனிக்கவே இல்லை. மறுநாள் காலையில அப்பா அந்தச் சிக்கன் பார்மைச் சுடவச்சு, அக்கா வீட்டு எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கிட்டுச் சாப்பிட்டார். நல்லா இருக்குன்னார்.

இந்த எபிசோட் அவ்வளவுதான் நண்பர்களே. உங்க வீட்டுல விசேஷ நாளுக்கு மட்டும் இருந்து, இப்ப தினசரி ஆன ஒரு சாப்பாடு எதுன்னு அம்மா அப்பாகிட்ட கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.